மூச்சும் பொறியும்

மோட்டார் வண்டி சோர்ந்து ஓடுகின்றது என்று நாலு பேர் முன்னிலையில் ஒருவர் வாய் திறந்து சொன்னால், அந்நால்வருள் ஒருவராவது "டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கோவன்" என்று வைத்தியஞ் சொல்லாமற் போவதில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் போல இது எம்மவரிடையே கைவைத்தியமாகிவிட்டது. குடிநீராற் பெரும்பாலும் தீங்கில்லை. டிஸ்ரிபியூட்டரைத் திருப்புவதால் வேறொரு நோய் மறைந்து நின்று, பின்னர் வீட்டுக்காரரின் பணப்பெட்டியில் வெளிப்படுவதுண்டு. அந்த மறைவைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கில வண்டிகள் இன்றும் ஓடக் காணலாம். 1990களிற் புதிய வண்டிகள் குடாநாட்டுக்கு வர வழியில்லாதிருந்தமை அவற்றின் ஆயுளை நீட்டிற்று. கொழும்பிலிருந்து வருவோர் அவற்றைப் படம் பிடிக்கின்றனர். கலியாணத்துக்குப் பூச்சூடி நிறுத்துகின்றனர். ஆனால் அவற்றுட் சில இன்னும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டிகள் என்பதை நாம் மறந்துவிடுதல் கூடாது.

வாசகர்களிற் பலர் எஞ்சினைத் திறந்து பார்த்திரார். ஆதலின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். நான்கடிப்பு எஞ்சினிற் பிஸ்ரன் கீழிறங்கும்போது பெற்றோலும் காற்றுங் கலந்த கலவை உள்ளே வருகின்றது. மேலேறும்போது அது நெருக்கப்படுகின்றது. பிஸ்ரன் உச்சியை அடையுந் தறுவாயிற் பிளக்கிற் பொறி பறந்து கலவை எரிய, பிஸ்ரன் வலுவோடு கீழே தள்ளப்படுகின்றது. மீண்டும் மேலேறுகையில் எரிந்த புகை வெளியேறுகின்றது. இந்த நான்கு அடிப்புக்குங் கிறாங்ஷாப்ட் இரு முறை சுழல்கின்றது. வால்வுகளைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் உரிய கம்ஷாப்ட் ஒரு முறைதான் சுழல்கின்றது. ஆகவே கம்ஷாப்டின் பற்சில்லிலே கிறாங்ஷாப்டின் பற்சில்லில் உள்ளதைப் போல இருமடங்கு பற்கள் உள்ளன. இரண்டையும் பிணைப்பது ஒரு சங்கிலி. கராச்சில் 'ரைமிங் செயின்' என்று சொல்லப்படுவது அதுவே.

வேகத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கிறாங்ஷாப்ட் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒரு செக்கனுக்கு 50 சுற்றுகள். அதாவது 18,000 பாகை. நான்கு சிலிண்டருக்குமாகச் சேர்த்து ஒரு செக்கனில் 100 பொறிகள் பறக்கின்றன. எரியத் தொடங்கிய சுவாலை சிலிண்டரெங்கும் பரவச் சிறிது நேரம் வேண்டும். அதனாலேயே பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்னரே பொறியைக் கொடுத்துவிடுகின்றனர். வேகங் கூடக் கூட இன்னும் முந்திக் கொடுக்க வேண்டும். டிஸ்ரிபியூட்டரினுள்ளே சுழற்சியால் விரியுஞ் சிறு பாரங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

ஆகவே எஞ்சினுக்குக் காலக் கணக்கு இரண்டு. எப்போது மூச்சை இழுப்பது, எப்போது விடுவது என்பது ஒன்று. அது கம்ஷாப்டின் பொறுப்பு. எப்போது பொறியைப் பறக்கவிடுவது என்பது மற்றொன்று. அது டிஸ்ரிபியூட்டரின் பொறுப்பு. இரண்டையும் எம்மவர் 'ரைமிங்' என்ற ஒரே சொல்லாற் குறிப்பிடுகின்றனர். குழப்பத்தின் வேர் இந்தச் சொல்லிலேயே இருக்கின்றது. பழைய வண்டிகளிற் குழப்பம் இரட்டிப்பாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றுவதுங் கம்ஷாப்டுதான். தாய் இடம்பெயர்ந்தாற் பிள்ளையும் உடன்பெயரும். சங்கிலி ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டால் மூச்சும் பிந்தும், பொறியும் பிந்தும். டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை முந்தச் செய்யலாம். மூச்சு பிந்தியபடியே இருக்கும். வண்டி முன்னையிலுஞ் சிறிது நன்றாக ஓடும்; "பிழை பிடிபட்டுவிட்டது" என்று எல்லோரும் கைகழுவி எழுந்துவிடுவர்.

பொறி மாத்திரம் தவறினால் அதற்கென அடையாளங்கள் உண்டு. மிக முந்தினாற் சுமையோடு இழுக்கும்போது எஞ்சினுள்ளே சில்லறைக் காசைக் குலுக்கினாற் போன்ற கலகலப்புக் கேட்கும். கைபிடி போட்டுச் சுற்றி ஸ்ராட் செய்பவரின் மணிக்கட்டை அது திருப்பி அடிக்கும். (கைபிடியைப் பற்றும்போது பெருவிரலையும் மற்றை விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எம் தந்தையார் காலத்தவர் அடித்துச் சொன்னது இதற்காகவே.) பிந்தினால் வண்டி மந்தமாகும், தண்ணீர் கொதிக்கும், புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சுடும், சைலன்சரில் இடையிடையே வெடி கேட்கும். நன்றாக ஓடிய வண்டி மாதக் கணக்கில் மெல்ல மெல்ல மந்தமாகுமாயின் முதலிற் பார்க்க வேண்டியது டிஸ்ரிபியூட்டரினுள்ளே இருக்கும் பொயின்ட். அதன் நார்க்குதி தேயத் தேய இடைவெளி ஒடுங்கும். இடைவெளி ஒடுங்கினாற் பொறி பிந்தும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர் பூட்டிய மொறிஸ் மைனரில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் 14 முதல் 16 பங்கு வரை இருத்தல் வேண்டும். அதைச் சரிசெய்யாமல் டிஸ்ரிபியூட்டரைத் திருப்புவது, மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்காமல் முள்ளை மாத்திரம் நகர்த்துவது போன்றது.

மூச்சுத் தவறும்போது தோன்றும் அடையாளங்களும் மேலோட்டமாக இவற்றையே ஒத்திருக்கும். மந்தம், சூடு, ஸ்ராட்டுக்கு முரண்டு. வேறுபாடு எங்கே இருக்கின்றது என்பதை எம் அயலில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குதல் எளிது.

எமது ஒழுங்கையில் வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவர் இருக்கின்றார். எம்மிலும் மூத்தவர், அண்ணை என்றே அழைப்போம். அவருடைய வண்டி 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடைய மொறிஸ் மைனர். ஒரு வைகாசியிற் சங்கிலிச் சத்தங் கேட்கின்றதென்று கராச்சிற் கொடுத்துப் புதுச் சங்கிலி போட்டார். சத்தம் நின்றது, இழுவையும் நின்றது. எமது குடாநாட்டில் ஏற்றமென்று சொல்லத்தக்கது இல்லையாதலால் ஊருக்குள் ஓடும்போது குறை அவ்வளவாகத் தெரியவில்லை. பண்ணைப் பாலத்திலே சோளகக் காற்று முகத்தில் அடிக்க, நாலு பேரை ஏற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போனபோது வண்டி மூன்றாங் கியரிலும் மூச்சு வாங்கிற்று. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினார். டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினர், சிறிது குணம். மறுபடியும் போனார். இம்முறை சிலிண்டரின் நெருக்கலை மானி வைத்து அளந்து தீர்ப்புச் சொல்லிவிட்டனர்.

"மாஸ்ரர், எஞ்சின் முடிஞ்சுதாம். போர் அடிச்சுப் புதுப் பிஸ்ரன் போட வேணுமாம்" என்று ஒரு சனிக்கிழமை மாலை வந்து படலையடியில் நின்றார்.

"ஆர் சொன்னது?"

"கராச்சிலைதான். அளந்து காட்டினவை. நாலும் விழுந்துபோச்சு."

நயினாதீவுக் கோயிற் கொடியேற இன்னும் இரண்டு கிழமை இருந்தது. குறிகட்டுவான் துறைக்கு அடியார்களை ஏற்றியிறக்கும் அந்தப் பதினைந்து நாள் ஓட்டமே அவருக்கு ஆண்டின் பெரிய வரும்படி. எஞ்சின் வேலைக்குப் பணம் வேண்டித் தாலிக்கொடியை வங்கியில் ஈடு வைப்பதென்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தனர். "கொடி போனால் மீட்கலாம். கார் நிண்டால் அடுப்பும் நிக்கும் தம்பி" என்று அவர் மனைவி எம்மிடஞ் சொன்னபோது அதிலே துயரத்திலும் பார்க்கக் கணக்கே மேலோங்கியிருந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போவதாக ஏற்பாடு.

நாம் கல்லூரியிற் பௌதிகங் கற்பிக்கின்றோமேயன்றிக் கராச்சில் வேலை பழகியவரல்லோம். எனினும் ஒரு சந்தேகம் எம்மை உறுத்திற்று.

"அண்ணை, சங்கிலி மாத்த முந்தி இழுவை எப்பிடி?"

"அப்ப ஒரு குறையுமில்லை மாஸ்ரர். சத்தம் மட்டுந்தான்."

பிஸ்ரன் வளையங்கள் ஆண்டுக் கணக்கில் தேய்வன. கராச் வாசலில் ஒரு நாள் நின்றெழும்பியதும் நான்கு சிலிண்டரும் ஒருங்கே தேய்ந்துவிடுமா? அன்றியும் வளையந் தேய்ந்த எஞ்சின் நீலப்புகை கக்கும், எண்ணெய் குடிக்கும். இந்த வண்டி இரண்டுஞ் செய்யவில்லை. "திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டாம்; நாளைக்கு ஒருக்காற் பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பினோம்.

ஞாயிறு காலை கராச்சிலிருந்தே அந்த மானியை இரவல் பெற்றோம். பிளக்குகள் நான்கையுங் கழற்றிக் காற்று வழியை முழுதுந் திறந்து வைத்து எஞ்சினைச் சுழற்றினால் நல்ல நிலையிலுள்ள இவ்வகை எஞ்சின் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அளவிற் காட்டும். இது நான்கிலும் 120 இறாத்தலையொட்டி நின்றது. ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து இல்லாமல் நான்கும் ஒரே மட்டத்தில் நின்றமையே முதற் சான்று. பின்னர் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளந்தோம். வளையந் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து மானியின் ஊசியை ஏறச் செய்யும். ஊசி ஏறவில்லை. காற்று ஒழுகிப் போகவில்லை. போதிய காற்று உள்ளே நிற்கவில்லை என்பதே இதன் பொருள். இவ்வெஞ்சினின் உள்வாங்கும் வால்வு, பிஸ்ரன் அடியைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பின் ஏறத்தாழ 45 பாகையில் மூட வேண்டியது. அது பின்னும் பிந்தி மூடுமாயின், இழுத்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்ரன் மீண்டும் காபரேற்றர் வழியே வெளியே தள்ளிவிடும். வண்டியை மெதுவாக ஓடவிட்டுக் காபரேற்றர் வாயிற் கையை அணைத்தபோது பெற்றோல் ஈரத்தோடு எதிர்மூச்சு உள்ளங்கையிற் பட்டது.

இனிச் செய்த சோதனைக்கு மானியும் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் இருந்தாற் போதும். ஆதலின் இதைச் சற்று விரித்தே எழுதுகின்றோம். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினால் வால்வுகளை அமுக்கும் றொக்கர்கள் தெரியும். முதலில் அவற்றின் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு ஆயிரத்திற் 12 பங்கு அங்குலம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடுந் திசையிலேயே கைபிடியாற் மெல்லச் சுற்றி, முதலாஞ் சிலிண்டரின் இரு வால்வுகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புகை வெளியேறும் வால்வு மேலெழுந்து மூடி வருகையில், உள்வாங்கும் வால்வு கீழிறங்கித் திறக்கத் தொடங்கும். ஒரு கணம் இரண்டுஞ் சம அளவிற் சிறிதே திறந்திருக்கும்; தராசின் இரு தட்டுப் போல ஒன்று ஏற மற்றது இறங்கும். அந்தச் சமநிலையிற் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அவ்வேளை பிஸ்ரன் உச்சியிலோ உச்சியிலிருந்து ஓரிரு பாகைக்குள்ளோ நிற்க வேண்டும் என்பது இவ்வெஞ்சினின் விதி. கிறாங்ஷாப்டின் முன்முனையிலுள்ள கப்பியில் ஒரு வெட்டு உண்டு. சங்கிலி மூடியில் அதற்கெதிரே உச்சியைக் காட்டுங் கூர் உண்டு. இரண்டும் நேர்ப்பட வேண்டும்.

அண்ணையின் வண்டியில் வெட்டு உச்சிக் கூரைக் கடந்து ஏறக்குறைய ஒரு விரலகலம் அப்பால் நின்றது.

கப்பி பழையது, வேறு வண்டியிலிருந்து மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். வெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. உச்சியை நேரே அளப்பதிலும் ஓர் இடர் உண்டு: உச்சியை அண்மிக்கும்போது பிஸ்ரன் அசைவது மிக அற்பம், எந்தப் பாகையில் உச்சி என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அதற்கு ஒரு வழி, பிளக்குத் துளையூடே ஒரு மென்கம்பியை விட்டு, பிஸ்ரன் ஏறி வருகையில் ஒரு குறித்த ஆழத்தில் நிறுத்திக் கப்பியில் ஓர் அடையாளம். உச்சியைக் கடந்து இறங்குகையில் அதே ஆழத்தில் இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் நட்ட நடுவே உச்சி. துளை சரிவானபடியாற் கம்பி சிக்கிக்கொள்ளாதவாறு கையில் தளர்வாகப் பிடித்திருக்க வேண்டும். சந்திரோதயத்தையும் அஸ்தமனத்தையுங் கொண்டு அது உச்சிக்கு வரும் வேளையை உய்த்தறிவது போன்ற முறைதான். செய்து பார்த்தோம். வெட்டு பொய் சொல்லவில்லை.

இனிக் கணக்கு. கிறாங்ஷாப்டின் பற்சில்லில் 20 பற்கள் இருப்பதாகக் கொண்டால் ஒரு பல் 18 பாகை. கண்ட வேறுபாடும் ஏறத்தாழ அவ்வளவே. பொறியும் அதே அளவு பிந்தியிருக்க வேண்டும். ஆனால் டிஸ்ரிபியூட்டர் பாதி வேகத்திற் சுழல்வதால் அதை 9 பாகை திருப்பினால் ஈடுசெய்துவிடலாம். டிஸ்ரிபியூட்டரின் அடிக்கழுத்தைத் துடைத்துப் பார்த்தோம். பல ஆண்டாக ஒரே இடத்தில் நின்று எண்ணெயும் புழுதியும் படிந்த கறுப்பு வரி ஒரு பக்கம். இப்போது அது நிற்கும் இடம் இன்னொரு பக்கம். கராச்சிற் செய்த கைவைத்தியத்தின் அளவு அந்த வரியிலேயே எழுதப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அந்த மேசனிடமே வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் கைத்தேர்ச்சியிற் குறைந்தவரல்லர், பொய்யரும் அல்லர். 120 இறாத்தலைக் கண்டதும் வளையத்தை நினைத்தார். பெரும்பாலான வேளையில் அந்த நினைவு சரியாகவே இருக்கும். நாம் ஒன்றும் வாதாடவில்லை. வால்வுகளையுங் கப்பியையும் பார்க்கச் சொன்னோம். "சுத்து தம்பி" என்று தம் பையனிடஞ் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். மறுபடியுஞ் சுற்றச் சொன்னார். மூன்றாம் முறையும் வெட்டு அதே இடத்தில் வந்து நின்றது. சிறிது நேரம் பேசாதிருந்து, "மாஸ்ரர், கவரைக் கழட்டுவம்" என்றார்.

றேடியேற்றரை இறக்கிக் கப்பியை இழுத்து மூடியைக் கழற்ற நண்பகலாயிற்று. இரு பற்சில்லிலும் ஒவ்வொரு புள்ளி இடப்பட்டிருக்கும். இரு அச்சின் மையங்களையும் இணைக்குங் கோட்டிலே அவை ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். இங்கே ஒரு பல் விலகி நின்றன. பழைய சங்கிலியைக் கழற்றியதும் வால்வு வில்லுகளின் தள்ளலாற் கம்ஷாப்ட் தன்பாட்டிற் சிறிது உருண்டுவிடும். புதுச் சங்கிலியையும் பற்சில்லுகளையுஞ் சேர்த்து உள்ளே தள்ளும்போது அதைக் கவனியாவிட்டால் ஒரு பல் தவறுவது எளிது. பூட்டிய பின் இரு முழுச் சுற்றுச் சுற்றிப் புள்ளிகளை மீண்டும் பார்த்தால் அங்கேயே அகப்பட்டிருக்கும்.

சரியாகப் பூட்டி, டிஸ்ரிபியூட்டரையும் பழைய கறுப்பு வரியிற் கொண்டுவந்து நிறுத்தினர். அதன்பின் 12 வோல்ற்றுச் சிறு விளக்கொன்றைப் பொயின்ட்டோடு இணைத்து, உச்சிக்குச் சில பாகை முன்னே விளக்கு எரியத் தொடங்கும்படி பொறியையுந் திருத்தினர். மாலையில் மானி 150ஐத் தொட்டது. மேசன் கூலி வாங்க மறுத்தார். அண்ணை அவர் சட்டைப்பையிற் பலவந்தமாக வைத்துவிட்டு வந்தார். தாலிக்கொடி இருந்த இடத்திலேயே இருந்தது.

டிஸ்ரிபியூட்டரைத் திருப்புவதே பிழையென்று யாரும் எண்ணலாகாது. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது தடைப்பட்டிருந்தபோது எம்மவர் சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடினர். மண்ணெண்ணெய் நெருக்கலைத் தாங்காமல் எளிதிற் கலகலக்கும். பொறியைப் பிந்தச் செய்தால் அது தணியும். அக்காலத்துக்கு அது தகுந்த வைத்தியம். 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பின்னரும் மண்ணெண்ணெய்க் கணக்கிலேயே சில வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் "பழசுதானே, இவ்வளவுதான் இழுக்கும்" என்று ஆறியிருந்தனர். அங்கே ஒரு திருப்பல் வண்டியின் வயதையே குறைத்துக் காட்டிற்று.

இக்காலத்து வண்டிகளில் திருப்புவதற்கு டிஸ்ரிபியூட்டரே இல்லை. பொறியைக் கணினி கவனித்துக்கொள்கின்றது. ஆயினுஞ் சங்கிலியோ பட்டியோ இன்றும் உண்டு. பல் தவறுவதும் உண்டு. கிறாங்ஷாப்டுங் கம்ஷாப்டும் ஒன்றோடொன்று ஒத்து வராதபோது கணினி பி0016 என்ற குறியீட்டைக் காட்டும். அதைக் கண்டு உணரியை மாத்திரம் மாற்றி அனுப்புபவர்களும் உளர் என்று கேள்வி. புதிய எஞ்சின்கள் பலவற்றிற் பல் அதிகந் தவறினால் வால்வும் பிஸ்ரனும் முட்டிக்கொள்ளும். ஆதலின் பட்டி மாற்றிய கையோடு ஸ்ராட்டரை அமுக்காமற் கையால் இரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அங்கே இன்னும் அவசியம்.

சங்கிலி மாற்றக் கொடுப்பவர்கள் முதல்நாளே நான்கு சிலிண்டரின் நெருக்கலையும் அளந்து ஒரு தாளிற் குறித்துக்கொள்வது நல்லது. டிஸ்ரிபியூட்டரின் கழுத்துக்கும் எஞ்சினுக்குங் குறுக்கே ஊசியால் ஒரு கீறல் இட்டுவைத்தால் பிறகு யார் எவ்வளவு திருப்பினார் என்பதுந் தெரியும். அண்ணை தம் வண்டியின் நான்கு எண்களையும் திகதியோடு ஓர் அட்டையில் எழுதி, முன்பெட்டியிற் பிள்ளையார் படத்துக்குப் பின்னே செருகி வைத்திருக்கின்றார்.